சுத்தமாகத்தான் அனுப்பியிருக்கிறேன்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் பெண்டாட்டி டீச்சரம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே உன் அத்தானுக்கு முதுகுவலி, நம் வாலுவுக்கு முன்பல் விழுந்திருக்கிறது, எனக்குக் கோபம். மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

கோபம் என்றைக்கும் உள்ளதுதானே என்று டீச்சரம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாய். இந்தத் தடவை காரணம் இருக்கிறது. ஆறு வற்றியதும் முனிசிபாலிட்டியில் புதிதாக ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். எங்கே போட்டார்கள் தெரியுமா? டார்ச் பேட்டரி செய்துகொண்டிருந்து மூடிப்போன ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில். நீயும் நானும் அங்கே கொட்டிக் கிடந்த பேட்டரிகளை உடைத்துக் கரிக்குச்சி பொறுக்கப் போய் அப்பாவிடம் உதை வாங்கினோமே, அதே இடம்தான். இப்போது ஊர் முழுக்க அந்தத் தண்ணீர்தான். குழாயைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் வருகிறது. வாளியில் கொஞ்ச நேரம் நின்றால் அடியில் கறுப்பாகப் படிகிறது. வாலுவின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன், மை தெளித்த மாதிரி புள்ளி புள்ளியாக ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் "உங்க வீட்ல சோப்பே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறாள் ஒருத்தி. என் மகளிடம்.

நேரே சேர்மனிடம் போனேன். "புதுக் குழாயில கொஞ்ச நாள் அப்படித்தாம்மா வரும், போகப் போகச் சரியாயிடும்" என்றார். வாளியோடுதான் போயிருந்தேன். "அப்ப நீங்க முதல்ல ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க" என்றேன். அவருக்கு அப்போதுதான் அவசர வேலை ஞாபகம் வந்தது. உன் அத்தான் பாவம், மோட்டாரைப் போட்டு வால்வைத் திருப்பி அந்தத் தண்ணீரை ஊருக்கு விடுகிறவரே அவர்தான். வேலை செய்கிற இடத்தில் அவர் சொல்வதைக் கேட்க ஆளில்லை, வீட்டில் நான் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும். இருதலைக்கொள்ளி எறும்பாக இருக்கிறார்.

குடிக்க மட்டும் பள்ளிக்கூடத்துப் பழைய கிணற்றிலிருந்து தூக்கிவருகிறோம். பாதி ஊர் அங்கேதான் நிற்கிறது. என்னைப் பார்த்ததும் "புகார்ப்பெட்டி வந்தாச்சு" என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், வழி விடுகிறார்கள் அல்லவா.

நீ தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் பெரிய வேலையில் இருந்து என்ன பிரயோஜனம்? நம் ஊர்த் தண்ணீரைச் சோதித்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் அனுப்பு. அதை அந்தச் சேர்மன் முகத்தில் எறிய வேண்டும்.

உன் கோபக்கார அக்கா

*

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் வீட்டுக்கே வந்துபோன மாதிரி இருந்தது. இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். டீச்சரம்மா உன் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். சேர்மன் கட்டத்தில் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னாள். அத்தானுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். நீ தேய்த்துவிடாதே, உன் கைவேகத்துக்கு இருக்கிற முதுகும் போய்விடும்.

கூடவே மரத்தூள் பெட்டியில் இரண்டு பாட்டில்கள் வருகின்றன. கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, மேலே தேதி எழுதி அனுப்பு. மாதிரி கொண்டுவருகிற மற்றவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்டு உயிரை எடுப்போம். நீ என் அக்கா, உன்னிடம் என்ன கேட்பது. கரிக்குச்சி பொறுக்கிய இடம் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் அந்தச் சுவரெல்லாம் நாம் கிறுக்கியது நினைவு வந்தது. உன் எழுத்துதான் அப்போதும் பெரிதாக இருக்கும். தெருக்கோடியிலிருந்து அப்பா படித்துவிடுவார்.

வாலுவுக்கு முத்தம். பல் முளைக்கும்வரை அவளைச் சிரிக்கவைத்துப் படம் எடுத்து வை.

அன்புடன் தம்பி

*

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்கிறீர்கள் என்று அறிந்து சந்தோஷம். இங்கே அத்தானின் முதுகு உன் தைலத்தால் நிமிர்ந்திருக்கிறது. வாலு பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறிக் குதித்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வந்தாள். நான் அடிக்கப் போனால் அத்தான் குறுக்கே வருகிறார். அவளை இந்த ஊரில் யாராலும் அடக்க முடியாது, எனக்குப் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்.

பாட்டில்களை நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன். அங்கே உன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள் இல்லையா, அதனால் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி சுத்தமாகத்தான் அனுப்பியிருக்கிறேன். பாட்டிலை வெந்நீரில் கழுவி, வெளியேயும் துடைத்திருக்கிறேன். அக்கா வீட்டிலிருந்து வந்தது என்று நீ தலைநிமிர்ந்து சொல்லலாம்.

இங்கே ஊர் இரண்டாகிவிட்டது. குழாய்த் தண்ணீர் குடிப்பவர்கள் ஒரு கட்சி, கிணற்றுக்குப் போகிறவர்கள் ஒரு கட்சி. தையல்காரர் குழாய்க் கட்சி. "தண்ணிக்கு என்னக்கா நிறமும் மணமும், தாகம் தீந்தாப் போதாதா?" என்கிறார். உன் காகிதம் வரட்டும், அவர் வாயைத் தைக்கிறேன்.

சீக்கிரம் அனுப்பு. கிணற்றில் கயிறு இழுத்து என் உள்ளங்கை எல்லாம் காய்த்துவிட்டது.

அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உள்ளங்கை ஆறியதா? வாலுவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் சௌக்கியம்.

உனக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனால் இருக்கிறதைத்தானே எழுத முடியும். தண்ணீர் நன்றாக இருக்கிறது, அக்கா. செய்ய வேண்டிய சோதனை எல்லாவற்றையும் நானே செய்தேன். எல்லாம் அளவுக்குள் இருக்கின்றன. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த என் மேலதிகாரி, "இது எந்த ஊர் தண்ணி? நம்ம ஊருக்கே கேட்டு வாங்கலாம் போலிருக்கே" என்றார். அறிக்கையை முத்திரையோடு வைத்திருக்கிறேன். கையெழுத்தும் என்னுடையதுதான்.

சேர்மன் சொன்ன மாதிரி புதுக் குழாயின் அழுக்கு கழுவிப்போயிருக்க வேண்டும். இனி கயிறு இழுக்காதே. சேர்மன் முகத்தில் எறிவதாக இருந்தால் காகிதத்தை மடித்து எறி, வலிக்காது.

தம்பி

*

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

உன் அறிக்கையை இரண்டு நாள் பெட்டிக்குள் வைத்திருந்தேன், வெட்கமாக இருந்தது. அத்தான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். சேர்மன் அதைச் சட்டம் போட்டு, முனிசிபாலிட்டி வாசலில், குழாய்க்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார். உன் கையெழுத்தை ஊரே வந்து பார்த்தது. "புகார்ப்பெட்டியோட தம்பியே சொல்லிட்டான்" என்றதும் கிணற்றுக் கட்சி கலைந்துவிட்டது. கிணற்றை இரும்புத் தகடு போட்டு மூடிவிட்டார்கள். நானும் வடிகட்டுவதை எல்லாம் விட்டுவிட்டேன். நீயே கையெழுத்துப் போட்ட தண்ணீர், எனக்கென்ன. குழாயில் பிடித்து அப்படியே குடிக்கிறோம். கறுப்பு இன்னும் படியத்தான் செய்கிறது. இரும்புச் சத்து என்று சேர்மன் சொல்கிறார். இருக்கும்.

ஒரு வேடிக்கை கேள். தையல்காரரின் அண்ணன் தவறிவிட்டார். துக்கம் கேட்கப் போனால் தையல்காரர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார். அழத்தான் வாயைக் கோணுகிறார், சிரிப்புதான் வருகிறது. கண்ணில் மட்டும் தண்ணீர் ஓடுகிறது. எல்லோருக்கும் சங்கடமாகிவிட்டது. தலைமையாசிரியர் கரும்பலகையில் பெரிதாகத்தான் எழுத ஆரம்பிக்கிறாராம், வரி முடிவதற்குள் எழுத்து கடுகாகிவிடுகிறதாம். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து வந்து பார்க்கிறார்கள் என்று வாலு சொன்னாள்.

கை கொஞ்சம் சோர்வாக இருக்கிறது. கயிறு இழுத்த சோர்வு இப்போதுதான் வருகிறது போலும்.

அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஏன் இத்தனை நாளாகக் கடிதம் இல்லை? உங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே? நடுவில் நான் போட்ட அட்டைக்கும் பதில் இல்லை.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படிப்பதற்குள் எனக்குக் கண் வலித்துவிட்டது. தாளை மிச்சம் பிடிக்கிறாயா என்ன, எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. டீச்சரம்மா, "உங்களுக்கு வயசாயிடுச்சு, ஒத்துக்கோங்க" என்றாள். கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் கோளாறு இல்லை என்று அவர் எவ்வளவோ சொன்னார். நான் விடாமல் ஒரு கண்ணாடி எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது எனக்குத் தலைவலி வருகிறது, உன் எழுத்து அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் டீச்சரம்மாதான் சொன்னாள். "அக்கா இந்தக் கடிதத்துல யாரையுமே திட்டலையே" என்றாள். படித்துப் பார்த்தேன், உண்மைதான். சேர்மன் சொல்வதற்கு "இருக்கும்" என்று எழுதியிருக்கிறாய். பக்குவம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படத்தான் நினைத்தேன். சந்தோஷமாக இல்லை. நாலு வரி என்னைத் திட்டி எழுது, நிம்மதியாகத் தூங்குவேன்.

தம்பி

*

ஜூலை 6

தம்பிக்கு,

சுகம்.

என் எழுத்து எப்போதும் போலத்தான் இருக்கிறது. உன் எழுத்துதான் பெரிதாக இருக்கிறது, கத்துகிற மாதிரி. எதற்குக் கத்துகிறாய்.

இங்கே சண்டையே இல்லை. தெருவே அமைதியாக இருக்கிறது. தண்ணீர் இப்போது இனிக்கிறது. வாலு நல்ல பிள்ளையாகிவிட்டாள். சுவர் ஏறுவதில்லை. உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். குதிகால் தரையில் படாமல் விரல் நுனியில் நடக்கிறாள், அழகாக இருக்கிறது. எதிர்வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் நடக்கிறார்கள். அத்தான் பம்ப் வீட்டுப் படியில் பின்னால் சரிந்து விழுந்தார். சிரித்தார். நானும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.

எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

அக்கா

*

ஜூலை 14

அக்கா,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த நொடியிலிருந்து அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே. வாலுவுக்குக் கொடுக்காதே. கொதிக்கவைத்தும் கொடுக்காதே, கொதித்தால் போகிற சரக்கு இல்லை அது.

ஜனவரியிலிருந்து நீ எழுதியதை எல்லாம் மேசைமேல் வரிசையாகப் பரப்பிவைத்தேன். முதல் கடிதம் தாள் முழுக்க நிரம்பி ஓரத்திலும் எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றாக எழுத்து சிறுத்துக்கொண்டே வருகிறது. கடைசிக் கடிதத்தை லென்ஸ் வைத்துப் படித்தேன். எங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிரிப்பு, விரல் நுனி நடை, பின்னால் விழுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிவிட்டது. "அந்த ஊர்ல பழைய பேட்டரி ஏதாவது புதைச்சிருக்காங்களா?" என்று கேட்டார். நாம் கரிக்குச்சி பொறுக்கிய மனைதான் எனக்குக் கண்முன் வந்தது. பேட்டரிக்குள் இருக்கிற கறுப்புப் பொடி மாங்கனீசு. உடம்புக்குள் அதிகமாகப் போனால் மூளையில் போய்த் தங்கும். கையையும் காலையும் முகத்தையும் ஆட்டிவைக்கிற இடத்தில்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கு டிரங்க் கால் போட்டேன். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். லைன் துண்டிக்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். நீ அனுப்பிய தண்ணீரில் அது இல்லை. நன்றாக யோசித்து எழுது, பாட்டிலில் தண்ணீரை எப்படிப் பிடித்தாய்? இந்தக் கேள்வியை யாராக இருந்தாலும் முதலில் கேட்போம். உன்னிடம்தான் கேட்கவில்லை.

புது பாட்டில் வருகிறது. குழாயிலிருந்து நேராகப் பிடி. கிணற்றுத் தகட்டை எடுக்கச் சொல். சண்டை போடு, அக்கா. உனக்குத் தெரியாத சண்டையா.

தம்பி

*

ஆகஸ்ட் 9

தம்பி,

சுகம்.

குழாய்த் தண்ணீர் கறுப்பாக இருந்தது. அதை எப்படி உனக்கு அனுப்புவேன். அங்கே நாலு பேர் பார்ப்பார்கள். துணியை மடித்து மடித்து வடிகட்டினேன். தெளியவைத்தேன். மேல் தண்ணீரை மட்டும் எடுத்தேன். அடித் தண்ணீரைக் கொட்டிவிட்டேன்.

இந்தத் தடவையும் சுத்தமாகத்தான் அனுப்பியிருக்கிறேன்.

தகட்டை எடுக்கச் சொல்லப் போனேன். போய்விட்டு எதற்கு வந்தேன் என்று நின்றேன். சேர்மன் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அக்கா

*

செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வீட்டில், உன் மேசையில் உட்கார்ந்து, என் வீட்டில் இருக்கிற உனக்கு எழுதுகிறேன். டீச்சரம்மா உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்தைத் தள்ளிவிடாமல் சாப்பிடு. வாலுவின் கால் கொஞ்சம் தரையில் படுகிறது என்று டீச்சரம்மா எழுதியிருந்தாள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். இல்லை, நீ சிரிக்க வேண்டாம்.

அன்று உங்களைக் கூட்டிப்போக வந்தபோது நீ கதவைத் திறந்தாய் இல்லையா, உன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. என்னைத் தெரியவில்லை என்றே நினைத்தேன். பிறகு உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாய். வீட்டுக்கு வந்த எனக்கு நீ கொடுத்ததை நான் தட்டிவிட்டேன். அதற்கும் நீ கோபப்படவில்லை. ரயிலில் வரும்வழி எல்லாம் அதுதான் என்னை அறுத்தது.

மேலிடத்தில் முட்டிமோதி ஆழ்துளைக் கிணற்றுக்கு சீல் வைத்தாயிற்று. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. காலையில் லாரியில் நல்ல தண்ணீர் வந்து தெருமுனையில் நிற்கிறது, அங்கே ஆளில்லை. எல்லோரும் குடத்தோடு வறண்ட குழாய்க்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். இடிக்கிறவர் இல்லை, முந்துகிறவர் இல்லை. சிரித்த முகமாக நிற்கிறார்கள். நானும் லாரிக்காரரும் குடங்களைப் பிடுங்கி நிரப்பிக் கையில் கொடுக்கிறோம். கொடுத்ததை வாங்கிக்கொண்டு மறுபடியும் வரிசையில் நிற்கிறார்கள்.

குழாய்க்கு மேலே என் அறிக்கை தொங்குகிறது. பக்கத்தில், அன்று நானே குழாயில் நேராகப் பிடித்துப்போய்ச் சோதித்த தண்ணீரின் புது அறிக்கையை ஒட்டினேன். மாங்கனீசு எத்தனை மடங்கு என்று சிவப்பு மையில் எழுதி, அதே முத்திரை, அதே கையெழுத்தோடு. சேர்மன் வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுமே உங்க கையெழுத்துதான் சார்," என்றார். "முதல்ல போட்டது அழகா இருக்கு." சட்டத்தைக் கழற்றப் போனேன். வரிசையில் இருந்தவர்கள் மெதுவாக நகர்ந்து வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் தொடவில்லை. எல்லாம் நீயும் நானும் அறிந்த முகங்கள். நான் கையை எடுத்துவிட்டேன்.

அத்தான் பம்ப் வீட்டில்தான் இருக்கிறார். கூப்பிட்டால், "தண்ணி விடணுமே" என்கிறார். ஓடாத மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று வால்வைத் திருப்புகிறார், திருப்பித் திறக்கிறார். அடுத்த வாரம் அவரைத் தூக்கிக்கொண்டாவது வந்துவிடுவேன்.

உடம்பிலிருந்து அது மெல்ல இறங்கலாம் என்கிறார் டாக்டர். எவ்வளவு இறங்கும் என்று கேட்டால் அடுத்த மருந்துச் சீட்டை எழுதுகிறார். அக்கா, எனக்கு ஒரு கடிதம் எழுது. கேட்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். பேட்டரி ஷெட் என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியும் எனக்கு உறைக்கவில்லை. படித்த முட்டாள் என்று எழுது, உன் வாயில் வருகிறதை எல்லாம் எழுது. நீ திட்டினால் நீ திரும்பி வருகிறாய் என்று தெரிந்துகொள்வேன். அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

உன் தம்பி

*

அக்டோபர் 4

தம்பி,

சுகம்.

டீச்சரம்மா நல்லவள். வாலு உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த ஊர்த் தண்ணீர் எனக்குப் பிடிக்கவில்லை. இனிப்பே இல்லை. வரும்போது நம் வீட்டுக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து வா. வடிகட்ட வேண்டாம்.

பயப்படாதே. நீ கையெழுத்துப் போட்ட தண்ணீர்தானே.

அக்கா